மூன்று வீட்டார் கேட்டு வந்த மாப்பிள்ளை

காத்தான்குடி
20 மே 1946

தம்பி உசனாருக்கு ராத்தா ஆசியா உம்மாவின் சலாம்.

நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: பாயில் உன் மச்சான் ஆதம்பாவா; அவருக்கு வலப்பக்கத்தில் நம் குடித் தலைவர் மரைக்கார்; கதிரையில் என் மகன் முனாப். படித்த பிள்ளை கீழே இருக்கக்கூடாது என்று மரைக்கார்தான் அவனைக் கதிரையில் இருத்தினார். அவன் விழுந்துவிடுகிறவன் போல விளிம்பில் இருந்தான். திரைக்கு இந்தப் பக்கம் நானும் நம் மூத்த ராத்தா ஹவ்வா உம்மாவும். கூப்பிடாமல் வந்தது பக்கத்து வளவு ஆட்டுக்குட்டி. அது வெற்றிலைத் தட்டத்தில் வாய் வைத்ததால் கூட்டம் கொஞ்ச நேரம் கலைந்து பிறகு கூடியது.

கூடிய காரணத்தைக் கேட்டால் சந்தோசப்படுவாய். கல்லூரிப் பாதிரியார் சொன்னார் என்று முனாப் மூன்று இடத்துக்கு எழுதிப் போட்டிருந்தான். மூன்றும் ஒரே கிழமையில் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கொழும்பு சர்வகலாசாலையில் டொக்டர் படிப்பு. அலிகார் முஸ்லிம் சர்வகலாசாலையில் கணக்குப் படிப்பு. சென்னப்பட்டணம் கிண்டியில் எஞ்சினியர் படிப்பு. மூன்று கடிதத்தையும் தட்டத்தில் வைத்து நடுவில் வைத்தோம்.

மரைக்கார் ஒவ்வொன்றையும் தூக்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூணு வீட்டால மாப்பிள்ள கேட்டு வந்திரிக்கி. ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லக் கூடா. பேசாம இருங்க. அதுதான் நமக்கு மதிப்பு."

நீ கொழும்புக்குப் போய் இருபது வருடம் ஆகிறது, ஊர் வழக்கம் மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். இங்கே பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருகிறார்கள். பிடித்த வீடு என்றாலும் உடனே ஓம் சொல்கிறதில்லை. பிடிக்காத வீட்டுக்கு இல்லை என்றும் சொல்கிறதில்லை. பேசாமல் இருந்தால் அவர்களாகவே விளங்கிக்கொண்டு போவார்கள், ஒருவர் முகமும் வாடாது.

முனாப் மெதுவாகச் சொன்னான்: "மாமா, கொழும்பில ஜூன் பத்துக்குள்ள பதில் கேக்காங்க."

"கெடு வெக்கிறது பொண்ணு வீட்டார்ர வழக்கம் மனே. நாம அசஞ்சா மாப்பிள்ளைல ஏதோ குறை எண்டு நினைப்பாங்க."

உன் மச்சான் வழக்கம்போல் வெற்றிலைதான் மென்றார். அலிகார் மக்கத்துக்குக் கிட்டவா என்று ஹவ்வா உம்மா ராத்தா கேட்டா.

எல்லாரும் போன பிறகு மகனிடம் கேட்டேன், உனக்கு எது விருப்பம் என்று. "பெரியவங்க சொல்ற மாதிரி உம்மா" என்றான். சாப்பாடு பிடிக்காத நாளிலும் இவன் இப்படித்தான் சொல்லி எழும்புகிறவன். எனக்கு மனம் சரியில்லை.

நம் முனாபுக்கு உன் மகள் றமீஸா என்று அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே பேசி வைத்தோம். ஆகையால் நீயும் கேட்டு வந்த வீட்டில் ஒரு வீடுதான். ஆனாலும் மாமனாராக யோசிக்காமல் என் தம்பியாக யோசித்து எழுது. மூன்றில் எது?

ஆசியா உம்மா

*

கொழும்பு, குறுக்குத் தெரு
24 மே 1946

ராத்தா,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே வாசித்தேன். கையில் கத்தரிக்கோல். நாலு முழம் கேட்டவருக்கு ஐந்து முழம் வெட்டிவிட்டேன். "சந்தோசத்தில வெட்டினது, வெச்சுக் கொள்ளுங்க" என்று கொடுத்து அனுப்பினேன்.

இதில் கேட்க என்ன இருக்கிறது? டொக்டர்! இந்தத் தெருவில் இறக்குமதிக்காரர், நகைக்காரர், குடைக்காரர் எல்லாருடைய மருமகன்மாரும் கடையில்தான் நிற்கிறார்கள். என் மருமகன் கழுத்தில் குழாய் போட்டுக்கொண்டு வரப்போகிறான். தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. இனி நீங்கள் அலிகார் என்றால் நான் எந்தப் பக்கத்தால் கடைக்கு நடப்பது?

தங்குவதற்கும் யோசிக்க வேண்டாம். மேல்மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். றமீஸா அங்கே வைத்துப் படித்த புத்தகங்களைக் கீழே இறக்கச் சொன்னேன். முகத்தை நீட்டிக்கொண்டு இறக்கினாள். ஒரே தவளைப் படமும் எலும்புப் படமும். உங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன், மருமகன் எழுதிய அதே சோதினையை இவளும் எழுதினாள். பாடசாலை மிஸ் எழுதாமல் விடவில்லையாம். நான் ஏதோ கடுதாசியில் கையெழுத்துப் போட்டேனாம். கடையில் ஒரு நாளைக்கு எத்தனை கடுதாசியில் போடுகிறேன், எதைக் கண்டேன்? நல்ல காலம், இடம் கிடைக்கவில்லை. கொஞ்சம் கீழே வரிசையில் நிற்கிறாளாம். யாரும் வராமல் இடம் காலியானால் கூப்பிடுவார்களாம். சொல்லுங்கள் ராத்தா, டொக்டர் படிப்பை எவன் காலியாக விடுவான்?

மரைக்காரைக் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே ஓம் என்று எழுதிப் போடச் சொல்லுங்கள். தொட்டிலில் பேசிய பேச்சுக்குப் பிறகும் என்னைக் "கேட்டு வந்த வீடு" என்று எழுதியதுதான் கொஞ்சம் சுட்டது.

உசனார்

*

காத்தான்குடி
29 மே 1946

தம்பிக்கு,

சுட்டதென்றால் எனக்கும் சுட்டது. மேல்மாடி அறையாம்! நம் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிப்பது எப்போது? நிக்காஹ் முடிந்து, ஊர் கூடி, மச்சினன் காலுக்குத் தண்ணீர் ஊற்ற, அப்போதுதான். இவனோ புத்தகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கலியாணத்துக்கு ஆறு வருடம் முன்னாலேயே வந்து, உன் வீட்டுக் கோப்பையில் சோறு தின்ன வேண்டுமா? "ஆசியா உம்மா மகன முன்கூட்டியே குடுத்திட்டா" என்று வாவிக்கரையில் மீன் வாங்குகிற பொம்பிளைகள் எனக்கு முன்னாலேயே பேசுவார்கள். அந்தப் பேச்சு இங்கே என் பிள்ளைக்கு மட்டுமில்லை, றமீஸாவுக்கும்தான்.

இரண்டாவது. டொக்டர் என்றால் ரத்தம் பார்க்க வேண்டும்தானே? போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு அறுத்த நேரம் முனாப் எங்கே என்று தேடினோம். கிணற்றடியில், கண்ணை மூடிக்கொண்டு ஸலவாத்து ஓதிக்கொண்டு நிற்கிறான். அதற்கு முந்தின வருடம் நின்று பார்த்தான். பார்த்ததும் விழுந்தான். ஆட்டை விட்டுவிட்டு எல்லாரும் இவனுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். இவனிடம் ஒரு நோயாளி வந்தால் யார் யாரைத் தூக்குவது?

ஆனால் வாப்பாவுடன் தோணியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நம் வயல் வட்டைக்குப் போனால் பொழுதுபட்டாலும் வரமாட்டான். காற்றுக் காலத்தில் உப்புத்தண்ணீர் ஏறி வட்டையின் கீழ்த்துண்டு கருகுகிறது உனக்குத் தெரியும். இவன் கம்பு நட்டு, கயிறு பிடித்து, தண்ணீர் எந்த வழியால் ஏறுகிறது, எங்கே கதவு வைத்தால் நிற்கும் என்று மணலில் கீறுகிறான். போன கிழமை என் அரிசி அளக்கிற சுண்டு காணாமல் போய்விட்டது. தேடினால் சேற்றில் புதைத்துத் தண்ணீர் அளந்துகொண்டிருக்கிறான்.

மரைக்கார் இப்போது அலிகார் பக்கம். கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்ட பிள்ளைகளின் படம் ஒன்று அவரிடம் இருக்கிறது, அதைப் பள்ளிவாசலில் எல்லாருக்கும் காட்டியாயிற்று. கிண்டிக்காக வாய் திறந்தவர் ஒருவருமில்லை.

ஹவ்வா உம்மா ராத்தாவுக்கு அடிவயிற்று வலி. டொக்டருக்கு முன்னால் வர வெட்கப்பட்டு, தன் புருசனான மூத்த மச்சானிடம் சொல்லி அனுப்பினா. மச்சானுக்கு அதைவிட வெட்கம். "தலையிடி" என்று சொல்லி மருந்து வாங்கி வந்தார். ராத்தா வயிற்று வலிக்குத் தலையிடி மருந்து குடித்து முடித்தா. இப்போது சுகம், அல்லாஹ்வின் கிருபை, மருந்தினால் அல்ல.

ஒன்று கேட்கிறேன், மறக்காமல் எழுது. றமீஸா தவளைப் படம் பார்க்கிறவள் மட்டுமா, அறுத்தும் இருக்கிறாளா? பயப்படவில்லையா?

ஆசியா உம்மா

*

கொழும்பு
3 ஜூன் 1946

ராத்தா,

நான் மருமகனைப் பற்றிக் கேட்டால் நீங்கள் தவளையைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

அறுத்திருக்கிறாள். பயமா? அவளுக்கா? வீட்டில் கோழி அறுத்தால் ஈரலையும் இரைப்பையையும் எடுத்து வாழையிலையில் பரப்பி வைத்துக்கொண்டு தாய்க்குப் பாடம் நடத்துகிறாள். "இஞ்ச பாருங்க உம்மா, இதுதான் பித்தப் பை." ஸஹீதா கையில் அகப்பையோடு நிற்கிறாள். பகல் சாப்பாடு எனக்குப் பொழுதுபடத்தான் கிடைக்கிறது. போதுமா?

இனி என் கேள்வி. பத்தாம் திகதி கெடு. ஓம் என்று எழுதியாயிற்றா? அறை வேண்டாம் என்றால் விடுதியில் நிற்கட்டும், அறையை நான் சரக்குக்கு வைத்துக்கொள்கிறேன். ரத்தம் பழகப் பழகப் பழகிவிடும். நான் முதன்முதல் கடையில் நின்றபோது சனத்தைக் கண்டால் நடுங்கினவன், இன்றைக்கு என் வாயை மூட ஆளில்லை. நம் சனத்தில் ஒரு டொக்டர் வரும் நேரத்தில் நீங்கள் சுண்டையும் சேற்றையும் பற்றி எழுதுகிறீர்கள்.

மனதில் உள்ளதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இந்த இடத்தைக் கைவிட்டால் என் மகளின் வீட்டையும் வேண்டாம் என்கிறீர்கள் என்றுதான் நான் எடுப்பேன். பேசாமல் இருப்பதன் அர்த்தம் எனக்கும் தெரியும், நானும் அந்த ஊரில்தான் பிறந்தேன்.

உசனார்

*

தபாலட்டை
கொழும்பு, 8 ஜூன்

ராத்தா, தபால்காரனைக் காண்கிற நேரமெல்லாம் கடையை விட்டு இறங்குகிறேன். திங்கட்கிழமை கெடு. முனாபுக்கு வேறாகவும் எழுதினேன், "உம்மாவிடம் கேளுங்கள் மாமா" என்று ஒரு வரி வருகிறது. ஓமா இல்லையா? உசனார்.

*

கொழும்பு
17 ஜூன் 1946

ராத்தா,

இரண்டு கிழமையாக உங்களிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. கோபத்தோடுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் நடந்ததை எழுத எழுதச் சிரிப்பு வருகிறது, அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது.

கெடு கழிந்த மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு, சர்வகலாசாலைக் கந்தோருக்குப் போனேன். ஒரு கிளாக்கர், யாழ்ப்பாணத்து ஐயா, நல்ல மனிசன். "ஐயா, என் மருமகன் பதில் எழுதவில்லைதான், அதை இல்லை என்று எடுக்கக் கூடாது. எங்கட ஊரில மாப்பிள்ள வீடு கொஞ்ச நாள் பேசாமத்தான் இருக்கும். அது மதிப்பு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இஞ்சை ஆரப்பா பொம்பிளை? நாங்களோ?"

பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். "இஞ்சை பேசாமல் இருந்தால் வேண்டாம் எண்டுதான் கணக்கு" என்று சொல்லி, தேநீர் தந்து அனுப்பினார்.

நான்கு நாள் தெருவில் ஒருவர் முகத்தையும் பாராமல் நடந்தேன். ஐந்தாம் நாள் தபால் வந்தது. என் பெயருக்கு அல்ல. பதில் போடாதவர்களின் இடம் இரண்டு மூன்று காலியாகிவிட்டதாம், வரிசையில் நின்றவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். றமீஸாவுக்கு இடம். டொக்டர் படிப்பு.

ஸஹீதா அழுதுகொண்டே சிரிக்கிறாள், என்னால் எது என்று பிரிக்க முடியவில்லை. மகள் ஓம் என்று ஒரு பதிலை இங்கிலீசில் எழுதி, தகப்பன் கையெழுத்துப் போட இடம் விட்டு, கடைக் கடுதாசிகளோடு என் மேசையில் வைத்திருக்கிறாள். "இந்த முறை வாசிச்சுப் போட்டுட்டு ஒப்பம் வைங்க வாப்பா" என்றாள். வாசித்தேன். இன்னும் வைக்கவில்லை.

ராத்தா, நான் பயந்த மனிசன். குமர்ப்பிள்ளை பொடியன்களோடு ஆறு வருடம் படித்தால் ஊர் என்ன சொல்லும்? படித்த பெண் வேண்டாம் என்று நாளைக்கு நீங்களே சொன்னால்? நீங்கள் மாப்பிள்ளை வீடு. வேண்டாம் என்றால் மேசையில் கிடக்கும் கடுதாசியைக் கிழித்துவிடுகிறேன், இருபத்தேழாம் திகதிவரைதான் நேரம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிழிக்க என்னால் ஏலாது, அதையும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. உப்பு முடிகிற நாளைக்கூட முன்கூட்டிச் சொல்கிற நீங்கள் ஒரு கெடுவை மறந்தீர்கள் என்று என்னை நம்பச் சொல்கிறீர்களா?

உசனார்

*

காத்தான்குடி
21 ஜூன் 1946, வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி உசனாருக்கு,

இன்று ஜும்ஆவுக்குப் பிறகு இருந்தவர்கள்: உன் மச்சான், மரைக்கார், கதிரையில் முனாப், இந்த முறை முழுதாக இருந்தான். திரைக்கு இந்தப் பக்கம் நானும் ஹவ்வா உம்மா ராத்தாவும். ஆட்டுக்குட்டியைக் கட்டி வைத்தோம்.

முதலில் உன் கடைசிக் கேள்வி. திகதியை மறக்கவில்லை. உன்னுடைய முதலாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து, அடுப்படியில் கரியால் எழுதி எழுத்துப் பழகினவள் நான். பழகின பிறகு ஒரு திகதியையும் மறந்ததில்லை. மரைக்கார் பேசாமல் இருக்கச் சொன்னார், இரண்டு வீட்டுக்குப் பேசாமல் இருந்தேன். மூன்றாம் வீட்டுக்கு ஓம் என்று எழுதச் சொன்னேன். கடிதத்தை முனாப் எழுத, உன் மச்சான் தானே பாலத்தால் நடந்து போய் டவுன் தபால் கந்தோரில் போட்டார். திரும்பி வந்து சொன்னார்: "வட்டைக்குக் கதவு வரட்டும்." இந்த விசயத்தில் அவர் பேசியது அவ்வளவுதான். முனாப் அன்றைக்குத்தான் இரண்டு கோப்பை சோறு தின்றான்.

ஆகவே உன் மருமகன் கிண்டிக்குப் போகிறான். தலைமன்னாரால் கப்பல். டொக்டர் மருமகன் இல்லாமல் போய்விட்டது என்று தெருவில் தலை குனியாதே. மருமகனுக்குப் பதில் மகள் என்று சொல், குடைக்காரருக்கு இன்னும் வயிறு எரியும்.

"எவன் காலியாக விடுவான்" என்று நீ எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். பிறகு தவளையைப் பற்றி உன்னிடம் கேட்டேன். பித்தப் பையைப் பற்றிய உன் பதில் வந்தது. அதன் பிறகு நான் உனக்கு எழுதவில்லை. உனக்குப் பொய் எழுத எனக்கு வராது, உண்மையை எழுதினால் நீ தந்தி அடித்து எல்லாவற்றையும் குழப்பியிருப்பாய். அவளுக்குத்தான் வரும் என்று நான் கண்டேனா? துஆச் செய்தேன், தருகிறவன் அல்லாஹ். இதற்கு மேல் என்னிடம் கேளாதே.

சபையில் நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதத்தை முனாப் சத்தமாக வாசித்தான். கிளாக்கர் சொன்ன இடத்தில் மரைக்கார் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். றமீஸாவின் இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"அங்க மையத்த அறுத்தெல்லோ படிப்பிக்காங்க? குமர்ப்பிள்ளைக்கு ஏலுமா?"

நான் வாய் திறக்கும் முன்னர் ஹவ்வா உம்மா ராத்தா திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேசினா. இத்தனை வருடத்தில் மரைக்காரோடு நேரே பேசினது இதுதான் முதல் தடவை. "மையத்தப் பாத்துப் படிக்காட்டி உசிரோட இரிக்கிற எங்களப் பாக்கிறது எப்பிடி மரைக்கார்? வயித்து வலிக்குத் தலையிடி மருந்து குடிச்சவ நான். உங்கட வீட்டிலயும் ஒரு ஆள் குடிச்சிரிப்பா. போய்க் கேளுங்க."

மரைக்கார் எழும்பிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அரை வெற்றிலை மெல்லும் நேரத்தில் திரும்பி வந்தார். உண்மையாகவே வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். முகம் வேறாக இருந்தது. பாயில் இருந்து, "பிள்ள படிக்கட்டும்" என்றார். பிறகு கொஞ்சம் நிமிர்ந்து, "நான் பேசாம இருக்கச் சொன்னதாலதான் ரெண்டு பேருக்கும் இடம் கிடச்சிரிக்கி. விளங்கினயா மனே?" என்று முனாபிடம் சொன்னார். "ஓம் மாமா" என்றான் என் மகன், சிரிக்காமல். இனி இந்தக் கதை ஊருக்குள் இப்படித்தான் நடமாடும், விட்டுவிடு.

முனாபிடம் அவன் வாப்பாவுக்கு முன்னால் கேட்டேன், படித்த பெண்ணை முடிப்பதில் உனக்கு வருத்தமா என்று. "ரத்தம் பாக்கிற ஆள் வீட்டில ஒராளாவது வேணும் உம்மா" என்றான். காது சிவந்துவிட்டது.

ஆகவே மாப்பிள்ளை வீடாக எழுதுகிறேன். நமக்குச் சம்மதம். தொட்டில் பேச்சு அப்படியே இருக்கிறது. இரண்டு பேரும் படித்து முடியட்டும், நிக்காஹ் அதன் பிறகு. என் வளவுக்குப் பக்கத்துத் துண்டில் ஊர் வழக்கப்படி மகளுக்கு நீ கட்டுகிற வீட்டை இப்போது தொடங்காதே, எஞ்சினியர் வந்து படம் கீறட்டும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்: முன் அறைக்கு ஒழுங்கைப் பக்கத்தால் இன்னொரு கதவு வேண்டும். பொம்பிளைகள் ஒருவர் கண்ணிலும் படாமல் வந்து மருமகளிடம் தங்கள் வலியைத் தங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போக. முதலில் வருகிறவ ஹவ்வா உம்மா ராத்தா, இன்றே சொல்லிவிட்டா. ஆறு வருடம் இருக்கிறது என்றேன். "அதுவரைக்கும் நோயப் பத்திரமா வெச்சிரிப்பன்" என்றா.

மகள் எழுதி வைத்த கடுதாசியில் கையெழுத்தைப் போடு. நம் வீடுகளுக்குள் பேசாமல் இருப்பதற்கு ஒரு அர்த்தம், கந்தோரில் வேறு அர்த்தம், இது உனக்குத் தேநீரோடு சேர்த்துச் சொல்லித் தந்த பாடம். இருபத்தேழாம் திகதிக்குக் காத்திராமல் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கையில் கொண்டுபோய்க் கிளாக்கர் ஐயாவிடம் கொடு, என் சலாத்தையும் சொல்லு.

கொடுத்த உடன் எனக்கு எழுது. தபாலட்டை போதும், சீக்கிரம் பதில் வேண்டும்.

உன் ராத்தா
ஆசியா உம்மா